வயிறு தள்ளிய மதிலும் அதன் பின்னால் நின்ற தண்ணீரும்

2020 ஆம் ஆண்டு டிசெம்பரில் புரெவிப் புயலின் மழை விட்டு ஐந்தாறு நாட்கள் கழித்து, உடுப்புக் காயப்போடும் கம்பியைப் பார்த்துத்தான் எனக்கு முதன்முதலில் சந்தேகம் வந்தது. வீட்டின் பின்புறத் தூணிலிருந்து எல்லை மதிலில் அடித்த கொளுக்கி வரைக்கும் அந்தக் கம்பியைக் கட்டியிருந்தோம். ஈரச் சேலை ஒன்றைப் போட்டால் நடுவில் ஒரு சாண் தொய்யும் கம்பி, அன்று நாலு சேலை போட்டும் தொய்யாமல் விறைத்து நின்றது. விரலால் தட்டியபோது வீணைத் தந்தியைப்போல அதிர்ந்தது. யாரும் அதை இழுத்துக் கட்டவில்லை என்று அம்மாவும் மகனும் சொன்னார்கள். அப்படியானால் ஒன்றில் வீடு நகர்ந்திருக்க வேண்டும், அல்லது மதில் நகர்ந்திருக்க வேண்டும். மதிலடிக்குப் போய்ப் பார்த்தபோது, முற்றத்துச் சீமெந்துத் தளத்துக்கும் மதிலுக்கும் இடையில் என் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு பிளவு நீளமாக ஓடியிருந்தது. அந்தப் பிளவு எதைச் சொல்கிறது என்று அன்றைக்கே எனக்கு விளங்கியிருந்தால், அதன்பின் வந்த நான்கு வருடப் பயத்தையும் ஏறத்தாழப் பத்து இலட்சம் ரூபாவையும் இழந்திருக்க மாட்டேன். விளங்கப்படுத்த அப்போது ஒருவரும் இருக்கவில்லை என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் மலையும் இல்லை, மேடும் இல்லை, இங்கே எதற்கு மண்ணைத் தாங்கும் மதில் என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் காணி அராலிப் பக்கம், மழைக்காலத்தில் வழுக்கையாறு வந்து கடலேரியில் விழுகின்ற தாழ்ந்த பகுதியில் இருக்கிறது. இரண்டு பரப்புக் காணி, முன்னர் வயலோரமாகக் கிடந்தது. வெள்ளம் ஏறாமல் வீடு கட்ட வேண்டுமானால் நிலத்தை உயர்த்தியே ஆக வேண்டும். வயலும் பள்ளமும் குடிமனைகளாகி வருவதால் இப்போது குடாநாட்டில் எத்தனையோ இடங்களில் இப்படித்தான் மண் நிரப்பி வீடு கட்டுகிறார்கள். 2018 இல் நாங்களும் மக்கி என்ற சரளை மண்ணும் செம்மண்ணும் டிப்பர் டிப்பராகப் பறித்து, பின்புறத்தில் ஐந்தடி வரை நிலத்தை உயர்த்தினோம். அந்த ஐந்தடி மண்ணும் பக்கத்து வளவுக்குள் சரிந்துவிடாமல் தாங்குவதற்காக 46 அடி நீளத்தில் ஆறு அங்குலத் தடிப்பில் கொங்கிறீற் மதில் ஒன்றைக் கட்டினோம். மறைப்புக்காக அதற்கு மேலே மூன்றடிக்குச் சீமெந்துக் கல் வைத்தோம். அந்தக் காலத்தில் எல்லாமாக இரண்டு இலட்சத்து அறுபதாயிரம் ரூபா முடிந்தது. கணவர் கட்டாரில் வேலை, நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். வீட்டு வேலையை மேற்பார்வை செய்தது நானும் எழுபது வயது அம்மாவும்தான்.

அந்த நேரத்தில் நான் செய்த ஒரு காரியத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மதிலுக்குக் கொங்கிறீற் போட்டு எட்டாம் நாளே மண் நிரப்பிவிட்டோம். அந்தக் கிழமை டிப்பர் மலிவாகக் கிடைத்தது, பிந்தினால் விலை கூடும் என்றார்கள், நானும் சம்மதித்தேன். மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு இடிக்காமல், ஜேசிபி இயந்திரத்தால் ஒரேயடியாக மதில் வரைக்கும் தள்ளிவிட்டார்கள். இயந்திரத்தின் சில்லுகள் மதிலின் ஓரம் வரை வந்து போனதை நான் நின்று பார்த்தேன். கொங்கிறீற் தன் முழுப் பலத்தை எட்டுவதற்கு 28 நாட்கள் கணக்கு என்பதும், மதிலோரம் மூன்றடிக்குள் பாரமான இயந்திரம் வரவே கூடாது என்பதும் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவர்களும் சொல்லவில்லை.

2021 தைப்பொங்கலுக்குப் பிறகு ஒரு மேசனைக் கூப்பிட்டுக் காட்டினேன். பக்கத்து வளவில் நின்று பார்த்தால் மதிலின் நடுப்பகுதியில் கிடையாக ஒரு வெடிப்பும் அதிலிருந்து கிளைத்த இரண்டு மூன்று மயிரிழை வெடிப்புகளும் தெரிந்தன. "ரீச்சர், இது பூச்சு வெடிப்புத்தான், ஒரு கை பூசிவிட்டால் சரியாப்போடும்" என்றார். வெடிப்பை அகட்டிச் சாந்து அடைத்து, மேலே பூசி, வெள்ளையும் அடித்துத் தந்தார். இருபத்தெட்டாயிரம் ரூபா. முற்றத்துப் பிளவையும் சீமெந்தால் மூடினார். நான் மனம் ஆறுதலாக இருந்தேன். அதே இடத்தில் அதே நீளத்துக்கு அந்த வெடிப்பு திரும்பி வர ஒரு மாரிதான் எடுத்தது.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மண்ணைத் தாங்கும் மதிலில் வெடிப்பைக் கண்டால் உடனே பூசாதீர்கள். பூசிய பிறகு அது ஓடுகிறதா நிற்கிறதா என்று அறிவதற்கு உங்களிடம் ஒரு தடயமும் மிஞ்சாது. வெடிப்பின் இரண்டு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் திகதியை எழுதுங்கள். வெடிப்புக்குக் குறுக்கே தீப்பெட்டியளவு மெல்லிய கண்ணாடித் துண்டொன்றைச் சீமெந்துச் சாந்தால் ஒட்டிவிடுங்கள், மதில் நகர்ந்தால் கண்ணாடி உடைந்துவிடும். மதிலின் இரண்டு முனைகளிலும் ஆணி அடித்து நூலை இறுகக் கட்டி, நடுவில் நூலுக்கும் மதிலுக்கும் உள்ள இடைவெளியை அடிமட்டத்தால் அளந்து கொப்பியில் பதியுங்கள். மேலிருந்து தூக்குக்குண்டு விட்டு மதில் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதையும் பதியுங்கள். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. நான் இதைத் தொடங்கியது 2021 இன் கடைசியில்தான். அப்போது நூலிலிருந்து நடுப்பகுதி ஒன்றேகால் அங்குலம் வெளியே தள்ளி நின்றது. 2022 தொடங்கும்போது ஒன்றரை அங்குலம். கோடையில் அளவு மாறவே இல்லை, மாரியில் மட்டும் கூடியது. அந்தக் கொப்பிதான் பின்னாளில் பொறியியலாளருக்கு முழுக் கதையையும் சொன்னது.

2022 மாசியில் ஒரு ஒப்பந்தகாரர் வந்து பார்த்தார். "மதில் வயிறு தள்ளுது, முட்டுக் குடுத்தால் நிக்கும்" என்றார். வெளிப்புறமாக, பக்கத்து மாமியின் வளவுக்குள் ஒன்றரை அடி இறங்கி, மூன்று முண்டுத்தூண்கள் கட்டுவதாகச் சொன்னார். மாமியிடம் போய்க் கேட்டேன். தன்னுடைய ஆட்டுக்கொட்டிலுக்குப் பாதகம் வராமல் கட்டினால் சரி என்று மனமிரங்கி ஒத்துக்கொண்டார். தொண்ணூற்றையாயிரம் ரூபா கொடுத்தேன். நாடு பொருளாதார நெருக்கடிக்குள் போய்க்கொண்டிருந்த காலம் அது, சீமெந்து வாங்குவதற்கே அலைய வேண்டியிருந்தது. அந்தத் தூண்களுக்கு அத்திவாரம் ஒரு அடி ஆழம்கூட இல்லை என்பதையும், பழைய மதிலோடு அவை கம்பியால் பிணைக்கப்படவில்லை என்பதையும் நான் கவனிக்கவில்லை. மண் இளகிய அடுத்த மாரியில் மதில் தூண்களையும் தள்ளிக்கொண்டே போயிற்று. மூன்றில் ஒன்று மதிலைவிட்டுப் பிரிந்து தனியாகச் சரிந்தது. நான் ஒப்பந்தகாரருக்கு எடுத்த அழைப்புகளுக்குப் பதில் இல்லை. கடைசியில் என் அண்ணன் கதைத்தபோதுதான் பேசினார், அப்போதும் வேலையைத் திருத்தித் தருவதாகச் சொல்லவில்லை. பணம் கொடுத்தவள் நான், வேலை நடந்த நாளெல்லாம் வெயிலில் நின்றவள் நான், ஆனால் பதில் சொல்ல வேண்டிய ஆளாக அவர் என்னை ஒருநாளும் எண்ணவில்லை. அந்த வேதனையை இன்றும் நான் மறக்கவில்லை. தனியாக நின்று வீட்டு வேலை செய்விக்கும் பெண்களுக்கு என் அனுபவத்திலிருந்து சொல்வது, எவ்வளவு சிறிய வேலையாக இருந்தாலும் அத்திவாரத்தின் ஆழம், கம்பியின் அளவு, பணம் கொடுக்கும் கட்டங்கள் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிட்ட பிறகே முற்பணம் கொடுங்கள். அத்திவாரக் கிடங்கை மூடுவதற்கு முன் அளவுநாடாவை உள்ளே விட்டுப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதன்பின் இரண்டு வருடங்களாக நான் ஒன்றும் செய்யவில்லை. பணமும் இல்லை, யாரை நம்புவது என்றும் தெரியவில்லை. மாரி பிறந்தால் இரவில் நித்திரை வராது. அளவு மட்டும் எழுதிக்கொண்டிருந்தேன்.

2024 நவம்பர் கடைசிக் கிழமையில் யாழ்ப்பாணம் முழுவதையும் வெள்ளம் மூடிய அந்த மழையில், ஒரு இரவு பதினொரு மணியளவில், பனங்குற்றியைக் கோடரியால் பிளப்பது போன்ற ஒரு சத்தம் கேட்டது. குடையோடும் டோர்ச்சோடும் போய்ப் பார்த்தேன். மதிலின் மேலிருந்த சீமெந்துக் கற்களில் ஒரு வரிசை பிரிந்து, இடையில் மறுபக்கத்து இருட்டுத் தெரிந்தது. முன்பு சுண்டுவிரல் நுழைந்த பிளவில் இப்போது என் உள்ளங்கை நுழையும். கூரைத் தண்ணீர் பீலிக் குழாயால் வந்து முற்றத்தில் கொட்டி, அந்தப் பிளவுக்குள் வாய்க்கால்போலச் சுழித்து இறங்கிக்கொண்டிருந்தது. நான் ஒரு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். நான்கு வருடமாக எத்தனையோ முறை அந்தக் குழாயின் வாயைக் கண்டிருக்கிறேன், அது எங்கே கொட்டுகிறது என்று ஒருமுறையும் யோசிக்கவில்லை. பிறகு மாமிக்குத் தொலைபேசி எடுத்தேன். "மாமி, ஆடுகளை உடனே அவிட்டுக் கொண்டுபோங்கோ, ஒருத்தரும் மதிலடிக்கு வராதேயுங்கோ" என்று சொல்லும்போது எனக்குக் குரல் நடுங்கியது. அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் நனைந்து நனைந்து ஐந்து ஆடுகளையும் விறாந்தைக்கு மாற்றினார். அந்த இரவுக்காக அவருக்கு நான் கடன்பட்டவள்.

அவசரத்தில் என்ன செய்யலாம் என்பதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன், ஏனெனில் இரவில் தேடிப் படிக்க நேரம் இருக்காது. மதிலின் தாழ்ந்த பக்கத்தில் மனிதரையோ விலங்கையோ நிற்க விடக்கூடாது, முட்டுக்கொடுக்கிறேன் என்று அந்த நேரத்தில் யாரும் அங்கே போகவும் கூடாது. கூரைத் தண்ணீரை உடனே வேறு பக்கம் திருப்ப வேண்டும். நான் பழைய பிவிசிக் குழாய் ஒன்றைப் பீலிக் குழாயின் வாயில் செருகி, துணியால் சுற்றிக் கட்டி, வீட்டின் முன்புறத்துக்குக் கொண்டுபோனேன். மதிலோர மண்ணைத் தறப்பாளால் மூடி, மதிலிலிருந்து எட்டுப் பத்து அடி தள்ளிக் கற்களை வைத்துத் தறப்பாளின் ஓரத்தை அமுக்க வேண்டும், மதிலுக்குக் கிட்ட நின்று பாரம் ஏற்றக் கூடாது. மழை விட்டதும் ஆட்களைப் பிடித்து, மதிலுக்குப் பின்னால் மேல் மண்ணை இரண்டு அடி ஆழத்துக்கு மண்வெட்டியால் வெட்டித் தூரக் குவிக்கச் செய்தேன். பாரம் குறைந்ததால்தான் மதில் அந்த மாரி முழுவதும் விழாமல் நின்றது என்று பிறகு பொறியியலாளர் சொன்னார்.

அவரை எனக்கு அறிமுகப்படுத்தியது என் பள்ளிக்கூடத்தில் உடன் படிப்பிக்கும் ஒரு ஆசிரியை. பார்வையிடவும் வரைபடம் தரவும் இடையில் மூன்றுமுறை வந்து போகவும் முப்பதாயிரம் ரூபா கேட்டார். முதல் வருடமே இந்த முப்பதாயிரத்தைக் கொடுத்திருந்தால் பூச்சுக்கும் முண்டுத்தூணுக்கும் கொடுத்த ஒரு இலட்சத்து இருபத்துமூவாயிரம் மிஞ்சியிருக்கும். அவர் வந்ததும் மதிலைப் பார்க்கவில்லை. மதிலிலிருந்து மூன்றடி தள்ளி ஒரு குழி வெட்டச் சொன்னார். மழை விட்டுப் பதினெட்டு நாட்களாகியும், ஒன்றரை அடி ஆழத்திலேயே தண்ணீர் ஊறி வந்தது. "ரீச்சர், இதுக்குள்ள எத்தனை வருசமாத் தண்ணி நிக்குது?" என்று அவர் கேட்டபோதுதான் எனக்கு எல்லாம் விளங்கத் தொடங்கியது.

என் அளவுக் கொப்பியின் பின் ஒற்றையிலேயே அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். ஐந்தடி உயரத்துக்கு ஈரமில்லாத நல்ல மண் நின்றால், மதிலின் ஒவ்வொரு மீற்றர் நீளத்தையும் அது ஏறத்தாழ 700 கிலோ எடைக்குச் சமமான விசையோடு தள்ளும். அதே மண்ணில் மேல்மட்டம் வரை தண்ணீர் நின்றால் அந்த விசை 1,400 கிலோவைத் தாண்டும், அதாவது இரு மடங்கு. அதிலும் தண்ணீரின் அழுத்தம் ஆழத்தோடு கூடிக்கொண்டே போவதால், மதிலின் அடிப்பகுதிதான் கூடுதலாக நோகும். உயரம் கூடும்போது இன்னும் ஆபத்து. மண்ணின் உயரம் இரு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும், மதிலை அடியோடு கவிழ்க்கும் வலு எட்டு மடங்காகும். அதனால் மூன்றடி மண்ணுக்கு நின்ற மதிலைக் கண்டு, அதைப்போலவே ஐந்தடிக்கும் கட்டலாம் என்று நினைப்பது பெரும் பிழை. எங்கள் கூரையின் பரப்பு ஏறத்தாழ 1,400 சதுர அடி. 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் அதிலிருந்து மட்டும் 13,000 லீற்றர் தண்ணீர் வரும். அதில் பாதியை நான் வருடாவருடம் மதிலுக்குப் பின்னால் கொட்டியிருக்கிறேன். மதிலிலோ தண்ணீர் வெளியேற ஒரு துளைகூட விடப்பட்டிருக்கவில்லை. வெளியே ஈரம் கசிந்து பூச்சைக் கெடுக்கும் என்று சொல்லி, கட்டும்போது துளை வேண்டாம் என்று விட்டுவிட்டார்களாம்.

அடுத்து அவர் மதிலின் ஒரு இடத்தைக் கொத்தச் சொன்னார். வெளிப்பக்கமாக ஒரு அங்குலம் கொத்தியதுமே கம்பி தென்பட்டது, உட்பக்கத்தில் நாலு அங்குலம் கொத்தியும் தென்படவில்லை. மண் தள்ளும்போது இப்படியான மதில் வெளியே வளையும். அப்போது இழுபடுவது மண்ணோடு ஒட்டிய உட்பக்கம். கொங்கிறீற் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது, ஆகவே இழுபடும் பக்கத்திலேதான் கம்பி இருக்க வேண்டும். எங்கள் மதிலில் எட்டு மில்லிமீற்றர்க் கம்பிகள் எல்லாம் வெளிப்பக்கத்தில் சும்மா கிடந்தன. கையில் எடுத்த துண்டைக் காட்டினார். துருவேறிப் பருத்து, செதில் செதிலாகக் கழன்றது. இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருப்பதால் உள்ளிருந்தே கொங்கிறீற்றைப் பிளக்கும். உப்புக் கலந்த மணல் பாவித்திருந்தால் இது இன்னும் விரைவாக நடக்கும் என்றார். எங்கள் மணல் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது, நான் கேட்டதில்லை. மண்ணைத் தாங்கும் மதில் கட்டுவிக்கிற எவரும் கொங்கிறீற் போடுவதற்கு முதல் நாள் மேசனிடம் "கம்பி எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள். மண் பக்கம் என்ற பதில் வராவிட்டால் வேலையை நிறுத்துங்கள். இந்த ஒரு கேள்வியை மட்டும் 2018 இல் கேட்டிருக்கக் கூடாதா என்று நான் ஏங்காத நாளில்லை.

கம்பி நெடுகிலும் பிழையான பக்கத்தில் இருந்தபடியால் ஒரு பகுதியை வைத்துக்கொண்டு மறுபகுதியைத் திருத்துவது பயன்தராது, முழுவதையும் இடித்துக் கட்டுவதே வழி என்று முடிவாயிற்று. எல்லா மதிலுக்கும் இப்படி நேர வேண்டும் என்றில்லை. சாய்வு சிறிதாகவும், கம்பியும் அத்திவாரமும் சரியாகவும் இருந்தால், பின்மண்ணை எடுத்து, சல்லி நிரப்பி, துளை போட்டுத் தண்ணீருக்கு வழி விடுவதோடு காப்பாற்றிவிடலாம் என்றும் சொன்னார். கொத்திப் பார்க்காமலும் குழி வெட்டிப் பார்க்காமலும் இடி என்றோ பூசு என்றோ சொல்பவரை நம்ப வேண்டாம்.

புதிய மதிலின் துளைகளிலிருந்து வரும் தண்ணீர் எங்கே போகும் என்ற கேள்வி அப்போதுதான் எழுந்தது. மாமி நேராகவே கேட்டார், "பிள்ளை, உன்ர வளவுத் தண்ணி என்ர வளவுக்கை வந்தால் என்ர கொட்டில் என்னாகும்?" அவர் கேட்டது முழு நியாயம். பொறியியலாளர் தந்த யோசனை, எல்லையிலிருந்து ஒன்றேகால் அடி எங்கள் பக்கமாகத் தள்ளி மதிலைக் கட்டி, அந்த இடைவெளியில் சிறு சீமெந்து வாய்க்கால் ஒன்றை ஒழுங்கை வரை கொண்டுபோவது. அண்ணன் கடுமையாக எதிர்த்தார். "எல்லைக்கு அங்காலை விட்ட காணி திரும்பி வராது தங்கச்சி" என்றார். காணி விடயத்தில் எங்கள் ஊரவர் எப்படி என்று எல்லோருக்கும் தெரியும், அவர் பயமும் பொய்யில்லை. பத்து வருடம் இடையூறின்றி அனுபவித்தால் உரிமை கோரலாம் என்று இலங்கைச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆகவே நில அளவையாளரைக் கொண்டு எல்லைக் கற்களைச் சரிபார்த்து, அந்தக் கீற்று எங்களுடையதே என்றும் வாய்க்காலைத் துப்புரவு செய்ய நாங்கள் வந்துபோகலாம் என்றும் ஒரு கடிதம் எழுதி, மாமியும் நானும் சாட்சிகளோடு ஒப்பமிட்டோம். ஏறத்தாழ 58 சதுர அடி நிலம் வாய்க்காலுக்குப் போனது. இழந்ததாக நான் எண்ணவில்லை.

வேலையை 2025 பெப்ரவரி முதற்கிழமையில் தொடங்கினோம். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை இந்த வேலையில் கைவைக்கவே கூடாது. எங்கள் மழையின் பெரும்பகுதி அந்த மூன்று மாதங்களில்தான் பெய்கிறது. முதல் நாளே ஒரு பிரச்சினை வந்தது. வந்த தொழிலாளி ஒருவர் பெரிய சுத்தியலோடு மாமியின் பக்கம் இறங்கி மதிலை உடைக்கத் தயாரானார். பின்னால் மண் நிற்கும்போது முன்னால் நின்று உடைத்தால் மதில் ஆளின் மேல்தான் விழும். மேலே இருந்த சீமெந்துக் கற்களை உட்பக்கமாக இறக்கி, பின்மண்ணை முழுவதும் சரிவாக வெட்டி எடுத்து, பாரம் நீங்கிய பிறகே மதிலைத் துண்டு துண்டாக உடைக்க வேண்டும் என்ற ஒழுங்கு வரைபடத்தில் எழுதியிருந்தது. அதைக் காட்டி நிறுத்தினேன். மண்ணைச் செங்குத்தாக வெட்டாமல், ஒரு அடி ஆழத்துக்கு ஒரு அடி பின்வாங்கி, சரிவாகவே வெட்டினார்கள். வெட்டிய மண்ணையும் கிடங்கின் ஓரத்தில் குவிக்க விடவில்லை.

பழைய அத்திவாரம் இரண்டடி அகலம். புதியது நாலடி அகலம், ஒன்பது அங்குலத் தடிப்பு, அதுவும் பெரும்பகுதி எங்கள் பக்கமாக நீண்டிருந்தது. மேலே நிரப்பும் மண்ணின் பாரமே அந்த நீட்டத்தை அமுக்கி மதிலைக் கவிழவிடாமல் பிடிக்கும். பன்னிரண்டு மில்லிமீற்றர்க் கம்பிகள் அத்திவாரத்திலிருந்து வளைந்து எழுந்து மண் பக்கமாக, இரண்டு அங்குலக் கொங்கிறீற் மறைப்போடு நின்றன. கம்பி கட்டி முடிந்ததும் பொறியியலாளர் வந்து பார்க்கும்வரை கொங்கிறீற் போட விடவில்லை. மேசன் அண்ணைக்கு அது சற்றுக் கோபம்தான், அரை நாள் வேலை கெட்டது, அந்த அரை நாள் கூலியையும் கொடுத்தேன். சீமெந்து ஒன்றுக்கு மணல் ஒன்றரை, சல்லி மூன்று என்ற கலவை, கருங்கல் சல்லி, கழுவிய ஆற்று மணல். ஏழு நாட்கள் நனைந்த சாக்கு மூடி, காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் நானும் மாலையில் மகனும் தண்ணீர் விட்டோம்.

மதிலின் அடியில், வெளி நிலத்துக்கு நாலு அங்குலம் மேலே, ஐந்தடிக்கு ஒன்றாக மூன்று அங்குலப் பிவிசிக் குழாய்களை வெளிப்பக்கம் சற்றுச் சரிவாக வைத்தோம். உட்பக்கத்தில் மதிலின் நீளத்துக்கும் துளையிட்ட குழாய் ஒன்று ஓடுகிறது. அதைச் சுற்றியும் மதிலை ஒட்டி ஒரு அடி அகலத்துக்கும் மேல்வரை சல்லி. சல்லிக்கும் மண்ணுக்கும் இடையில் தண்ணீரை மட்டும் விட்டு மண்ணைத் தடுக்கும் வடிதுணி. இந்தத் துணியை மிச்சம்பிடிக்க வேண்டாம், அது இல்லாவிட்டால் இரண்டு மூன்று மாரியில் களிமண் சல்லியை அடைத்துவிடும், பிறகு துளைகள் இருந்தும் பயனில்லை. நான்கு கிழமைகள் கழிந்த பிறகே பின்மண் நிரப்பினோம். எட்டு அங்குல அடுக்குகளாகப் போட்டு, மதிலோரத்தில் கையாலேயே இடித்தார்கள். மேலே கல் வைக்காமல் பாரமில்லாத தகர மறைப்பு அடித்தோம். கூரைத் தண்ணீரை நிரந்தரமாக முன்புறத்துக்குத் திருப்பினோம்.

எல்லாமாக எட்டு இலட்சத்து எழுபதாயிரம் ரூபா முடிந்தது. கணவர் கட்டாரில் சேர்த்த பணமும், என் இரண்டு காப்பு அடைவு வைத்த பணமும். அதில் சல்லி, குழாய், துணி, வாய்க்கால் ஆகிய தண்ணீர் வேலைக்கு மட்டும் போனது ஒரு இலட்சத்து முப்பதாயிரம். 2018 இல் விலைகள் இருந்த நிலையில் அதே வேலை ஐம்பதாயிரத்துக்குள் முடிந்திருக்கும்.

2025 நவம்பர் கடைசியில் டித்வாப் புயல் வந்தபோது நான் மறுபடியும் குடையோடு மதிலடிக்குப் போனேன். மாமியின் பக்கமாக இறங்கி வாய்க்காலோரம் நின்று பார்த்தேன். ஒன்பது குழாய்களில் எட்டிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது, முதலில் கலங்கலாக, பொழுது சாயும்போது தெளிவாக. ஒன்பதாவது வறண்டு கிடந்தது. மழை விட்டதும் ஈர்க்குக் கட்டொன்றை உள்ளே விட்டுக் கிண்டியபோது, குளவிக்கூடு ஒன்றும் ஒரு பிடி மண்ணும் வந்தன, பின்னால் தண்ணீரும் வந்தது. இப்போது ஒவ்வொரு வருடமும் புரட்டாதியில், மழைக்கு முன், எல்லாக் குழாய்களையும் கிண்டிப் பார்க்க வேண்டும் என்று நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன். நூல் கட்டும் ஆணிகளையும் புதிய மதிலில் அடித்திருக்கிறேன். டிசெம்பரில் அளந்தேன், நூலும் மதிலும் ஒட்டியே இருந்தன. உடுப்புக் கம்பி பழையபடி தொய்கிறது.